நள்ளிரவில் இன்னொருவருக்காக



பொதுக்காலத்தின் 17ஆம் ஞாயிறாகிய இன்று, லூக்கா நற்செய்தி 11ஆம் அதிகாரத்திலிருந்து நள்ளிரவு நண்பனின் உவமையைக் கேட்டோம். ஒருவன் நடுச்சாமத்தில் நண்பனின் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்கிறான். உள்ளே படுத்திருப்பவன் கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் தூங்குகிறார்கள், தொந்தரவு செய்யாதே என்கிறான். விடாமல் செபிப்பதைப் பற்றித்தான் இந்த உவமையை வைத்து வழக்கமாகப் பேசுவோம். அது சரிதான். ஆனால் அந்த அப்பம் யாருக்கு? தட்டுகிறவனுக்குப் பசியில்லை. வழிப்பயணத்தில் வந்த ஒருவன் அவன் வீட்டில் சாப்பாடில்லாமல் இருக்கிறான். அவனுக்காகத்தான் இவன் வெட்கத்தை விட்டு இருட்டில் நிற்கிறான். முதலாம் வாசகத்தில் ஆபிரகாமும் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. சோதோம் மக்களுக்காகக் கடவுளிடம் மன்றாடினார்.

இந்த வாசகங்கள் வரும்போதெல்லாம் எனக்கு நம் தாதியரின் நினைவு வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், களுவாஞ்சிகுடி, ஏறாவூர், வாழைச்சேனை வைத்தியசாலைகளிலும் இரவுக் கடமை செய்கிறவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், கட்டியவர்களும் நம்மிடையே இருக்கிறீர்கள். நோயாளிகள் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிற உங்களில் பலர் என்னோடு மனம்விட்டுப் பேசியிருக்கிறீர்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட்டு என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லாருடைய கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரவு இரண்டு மணி. ஒரு நோயாளியின் பிரசர் இறங்குகிறது, மூச்சு வேகமாகிறது, சலம் போகவில்லை. ஒன்கோல் டொக்டருக்குக் கோல் எடுக்க வேண்டும். எடுத்தால் ஏச்சு. "இதுக்கெல்லாமா எழுப்புறது? நீங்க டொக்டரா, நானா?" சிலவேளை பேசி முடிக்கமுன்னமே போன் வைக்கப்படும். காலையில் ரவுண்ட் வரும்போது எல்லார் முன்னாலும் மறுபடியும் வாங்க வேண்டும். அதற்கடுத்த இரவு அந்தத் தாதிப் பிள்ளை போனைக் கையில் எடுத்து யோசிக்கிறாள். இன்னும் அரை மணித்தியாலம் பார்ப்பமே என்று திரும்ப வைக்கிறாள்.

அந்த அரை மணித்தியாலத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

பிரித்தானியாவில் 2005 மார்ச் 29ஆம் திகதி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எலெய்ன் புரோமிலி, வயது 37, இரண்டு பிள்ளைகளின் தாய். சைனஸுக்கான சாதாரண சத்திரசிகிச்சைக்குப் போனவர். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள வைத்திய நிபுணர்கள் வாய்வழியாகக் குழாய் போடத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது அவர்கள் மனதில் படவில்லை. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்ய வேண்டிய கட்டம் அது. ஒரு தாதி அதற்கான கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். ஒருவரும் எடுக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலுக்கு ஒழுங்குசெய்த தாதி, மற்றவர்கள் பார்த்த பார்வையில் தான் பதறிவிட்டோமோ என்று கூசி, கட்டில் வேண்டாமென்று சொல்லிவிட்டார். 13 நாட்களின் பின் எலெய்ன் இறந்தார். விசாரணையில் தாதியர் சொன்னது இதுதான்: என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அங்கே ஏச்சுக்கூட இருக்கவில்லை. ஒரு பார்வையே போதுமாயிருந்தது. அப்படியென்றால், தினமும் ஏச்சு வாங்குகிற இடத்தில் எத்தனை உண்மைகள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்!

எலெய்னின் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. விமானத்துறையில், தலைமை விமானி தவறும்போது பக்கத்தில் இருப்பவர் துணிந்து சொல்லவும், தலைமை விமானி அதைக் கேட்கவும் பயிற்சி கொடுக்கிறார்கள். விபத்துகளில் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. அந்தப் பாடம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் வரவேண்டும் என்று மார்ட்டின் 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த டொக்டர்மாரைத் தண்டிக்க வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. அவர்கள் திரும்ப வேலைக்குப் போனதை ஏற்றுக்கொண்டார். மனைவியைப் பறிகொடுத்த ஒரு மனிதன் இப்படி நடந்தான் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

இனி ஆபிரகாமிடம் வருவோம். 50 நீதிமான்கள் என்று தொடங்கி, 45, 40, 30, 20, 10 என்று ஆறு தடவை கேட்கிறார். நான் தூசி, சாம்பல் என்று தன்னைத் தாழ்த்துகிறார். கோபிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார். ஆனால் மழுப்பிப் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் திட்டமான ஒரு கணக்கைச் சொல்லிக் கேட்கிறார். தாதிமாரே, என் பிள்ளைகளே, உங்களுக்கும் பயிற்சியில் இதைச் சொல்லித் தந்திருப்பார்கள்: இப்போதைய நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, நீங்கள் கேட்பது. "சேர், பிரசர் 80க்கு 50. ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி 110க்கு 70. உள்ளுக்குள்ள இரத்தம் போகுதெண்டு நினைக்கிறன். நீங்க இப்ப வந்து பார்க்க வேணும்." இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? அவர் வராவிட்டால் அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு யாருக்கு அறிவித்தீர்கள் என்று டிக்கெட்டில் எழுதுங்கள். இதைக் கோள் சொல்வதென்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்காக நீங்கள் கேட்கவில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ கொண்டுவந்து கிடத்தியிருக்கிற ஒரு வயற்காரருக்காகக் கேட்கிறீர்கள். கொக்கட்டிச்சோலைக்காரரென்றால் முன்பு மண்முனையில் படகில் வாவியைக் கடந்து வந்திருப்பார். 2014இல் பாலம் வந்தது, பயணம் சுருங்கியது. ஆனால் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வந்து கட்டிலில் ஏறிய பிறகு, அந்த இரவில் அவருக்காக வாய்திறக்க இருப்பவர் நீங்கள்தான். தெற்கிலிருந்து வந்த இளம் டொக்டருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்குச் சிங்களம் தெரியாது என்றால், அவர் வயிற்றுவலியை மொழிபெயர்ப்பதும் நீங்கள்தான்.

டொக்டர்மாரும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் களைப்பு எனக்குத் தெரியாததல்ல. பயிற்சிக் காலத்து ஹவுஸ் ஒபிசர் பகலெல்லாம் வாட்டில் நின்றுவிட்டு இரவும் நிற்கிறார். 2022 நெருக்கடிக்குப் பின் எத்தனையோ பேர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், போகாதவர்கள் அவர்களுடைய சுமையையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். களைப்பு பாவமல்ல. ஆனாலும் இன்றைய முதலாம் வாசகத்தைத் திரும்ப வீட்டில் வாசித்துப் பாருங்கள். சோதோமின் நிலைமை கடவுளுக்குத் தெரியாமலா ஆபிரகாம் சொல்ல வேண்டியிருந்தது? எல்லாம் அறிந்தவர் ஆறு தடவையும் காது கொடுத்தார். ஒரு தடவைகூட ஏசவில்லை. நம் வாட்டுகளிலோ நிபுணர் ஹவுஸ் ஒபிசரை ஏசுகிறார், அவர் தாதியை ஏசுகிறார், தாதி பயிற்சித் தாதியையோ சிற்றூழியரையோ ஏசுகிறார், கடைசியில் அது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு தாயின் தலையில் போய் விழுகிறது. மேலே இருப்பவர் நிறுத்தாமல் அது கீழே நிற்காது. ஆகவே வைத்திய நிபுணர்களிடம்தான் நான் முதலில் கேட்கிறேன்: தேவையில்லாமல் எழுப்பினார்கள் என்று தெரிந்த இரவிலும், எழுப்பியது நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால் அடுத்த இரவு அந்தப் பிள்ளை யோசிக்காமல் கோல் எடுப்பாள்.

இது உங்களால் முடியாததென்று நான் நம்பவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோதும், 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோதும் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போதனா வைத்தியசாலைக்குத்தான் ஓடினோம். அந்த நாட்களில் டொக்டரும் மிஸ்ஸியும் சிற்றூழியரும் தோளோடு தோள் நின்று உழைத்தார்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவிலும் நமக்கு அது வேண்டும்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டொக்டர் வரப் பிந்தினால் நாம் யாரைப் பிடித்துக் கத்துகிறோம்? மிஸ்ஸியை. அவள் மூன்று தரம் கோல் எடுத்திருப்பாள், ஏச்சும் வாங்கியிருப்பாள். அதை நம்மிடம் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை. நம் கத்தலையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு சேலைன் மாற்றப் போவாள். அடுத்த முறை வாட்டுக்குப் போகும்போது, "புள்ள, டொக்டருக்கு அறிவிச்சிட்டீங்களா? நாங்க ஏதும் செய்யவா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்றிரவு கடமைக்குப் போகிறவர்கள், தாதியரும் டொக்டர்மாரும் சிற்றூழியரும், திருப்பலி முடிந்ததும் பீடத்தின் முன்னால் வாருங்கள். உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஆசீர்வாதம் தருவேன். இந்துக்களும் இஸ்லாமியருமாகிய உங்கள் சக ஊழியர்களின் பெயர்களையும் மனதில் கொண்டு வாருங்கள். இப்போது எல்லாரும் எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.