சிறுதேர் உருட்டும் பெரியவர்கள்

ஓர் அம்பாசடர் காரின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். அதை 1:24 என்ற அளவில் சுருக்கினால் சுமார் 18 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். கதவின் கைப்பிடி ஓர் அரிசி அளவுக்கு வந்துவிடும். அந்த அரிசியைச் சாமணத்தால் எடுத்து, ஊசிமுனையில் பசை தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்ட வேண்டும். கோணலாகிவிட்டால் பிய்த்தெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் முதலிலிருந்து. இவ்வளவு பாடுபட்டுச் செய்த கார் ஓர் அடிகூட யாரையும் ஏற்றிக்கொண்டு போகாது.

ஒருவர் சாயங்காலம் தோறும் இப்படிக் கார் ஒட்டிக்கொண்டும், பசை காய்கிற நேரத்தில் கிட்டாரை மடியில் வைத்துத் தந்தி மீட்டிக்கொண்டும் இருந்தால் சங்கரன்கோவில் பக்கத்தில் என்ன கேட்பார்கள் என்பது தெரிந்ததுதான். “இதுல என்னடே சோலி ஆகுது?”

சோலி என்பது நெல்லைச் சீமையின் சொல். வேலையும் அதுதான், அந்த வேலையால் வரும் பயனும் அதுதான். விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊரில் இந்தக் கேள்வி பிறப்பதில் வியப்பில்லை. தறியில் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று கூலி உண்டு. கூலியும் இல்லாமல், புண்ணியக் கணக்கிலும் சேராமல் ஒரு மனிதன் செலவிடும் பொழுதுக்கு என்ன பெயர்?

பார்வைக்கு வீட்டுச் சச்சரவுபோல இருந்தாலும் இது சமயத்தின் பழைய கேள்வி. மானிடப் பிறவி அரிது, அதை விளையாட்டில் தொலைக்காதே என்று எச்சரிக்காத ஞானி இல்லை. பிள்ளைப் பருவம் விளையாட்டில் போயிற்று, இளமை மோகத்தில் போயிற்று, முதுமை கவலையில் போயிற்று என்ற கணக்கைப் பலரும் ஒப்பித்திருக்கிறார்கள். ஆனால் அதே சமயம்தான் கடவுள் செய்கிற காரியத்துக்குப் பெயர் வைக்க நேர்ந்தபோது, மதுரையில் சிவன் நடத்திய 64 செயல்களையும் ‘திருவிளையாடல்’ என்றது. கம்பரும் தம் காவியத்தின் முதல் பாட்டிலேயே படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றையும் எல்லையில்லாத விளையாட்டு என்றுதான் சொல்கிறார். மனிதன் ஆடினால் வீண், இறைவன் ஆடினால் லீலையா?

பிரம்ம சூத்திரம் இந்த முடிச்சை நேராகவே தொடுகிறது. எந்தக் குறையும் இல்லாத கடவுளுக்கு உலகைப் படைக்க என்ன தேவை என்று ஒரு தடை எழுப்பப்படுகிறது. தேவை எதுவுமில்லை, உலக வழக்கில் நாம் காண்பதுபோல வெறும் விளையாட்டுத்தான் என்பது பாதராயணர் தரும் விடை. எல்லாம் நிறைந்த அரசன் பொழுதுபோக்காக ஆடுவதையும், மூச்சு தானாக வந்து போவதையும் சங்கரர் உவமை காட்டுகிறார். சைவ சித்தாந்தம் இத்துடன் விடுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார், இறைவன் தொழிலை விளையாட்டு என்று சொல்வதும் தகும் என்கிறார். உடனேயே, உயிர்களுக்குப் போகமும் முத்தியும் தந்து மலத்தைத் துடைக்கும் அருள் என்று சொல்வதும் தகும் என்று சேர்க்கிறார். விளையாட்டு என்பதாலேயே அது பயனற்றதாகிவிடாது, பயனை முன்வைத்துத் தொடங்கவில்லை, அவ்வளவுதான் என்பது அதன் சாரம்.

இதை இன்னும் எளிதாகச் சொன்னவர் ஒரு சங்கப் புலவர். குறுந்தொகையின் 61-ஆம் பாட்டு தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சன் செய்து கொடுத்த சின்னஞ்சிறு தேர். சிறுவர்கள் அதில் ஏறிப் போக முடியாது. இருந்தாலும் கையால் இழுத்துத் திரிந்து அதிலேயே மகிழ்கிறார்கள். தலைவனோடு கூடி இன்புறாவிட்டாலும் அவனோடு கொண்ட நட்பே போதும், வளை கழலவில்லை என்று சொல்ல அந்தத் தேர் உவமையாகிறது. ஏறிப் போகத்தானே வண்டி என்ற கேள்விக்கு, இழுப்பதிலேயே இன்பம் இருக்கிறது என்ற பதில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் எழுதப்பட்டுவிட்டது.

பிள்ளைத்தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடவுளையோ அரசனையோ குழந்தையாக்கிப் பத்துப் பருவமாகப் பாடும் இலக்கியம் அது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடிய பிள்ளைத்தமிழ் முதல் இந்த வழக்கு நெடுகத் தொடர்கிறது. தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிக்கு ஒன்று பாடினார். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி இரண்டு பருவங்கள் சிறுபறை, சிறுதேர். முருகனே சின்னப் பறை கொட்டுகிறான், சின்னத் தேர் உருட்டுகிறான். ஒட்டிய காரையும் மீட்டிய கிட்டாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பவர் இந்த இரண்டு பருவங்களிலும் ஒருசேர நிற்கிறார். காலம் மாறியதில் பறைக்குத் தந்தி வந்தது, தேருக்கு ரப்பர் டயர் வந்தது.

இந்த மாற்றம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி வழியாகக் கிழக்கே போனால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்த ஊர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கி, பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்வான் ஆனவர். அன்று அந்நியமாக இருந்த வயலின் இன்று கச்சேரி மேடையில் பாடகரின் அருகில் உட்கார்ந்திருக்கிறது. மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ் அப்படியே உள்ளே அழைத்து வந்தார். கிட்டாரில் ஆர். பிரசன்னா கமகம் வாசிக்கிறார். பாளையங்கோட்டைப் பக்கத்துத் தேவாலயங்களில் கிட்டார் வழிபாட்டோடு கலந்தே ஒலிக்கிறது. வாத்தியத்துக்கு ஊரும் இல்லை, மதமும் இல்லை. எடுத்தவர் கை அதற்கு ஊர் கொடுக்கிறது.

அந்தக் கைக்குத்தான் முதல் பாடம். கிட்டார் பழகுகிறவர் எல்லாரும் முட்டி நிற்கும் இடம் எஃப் கார்டு. சுட்டுவிரலை ஆறு தந்திகள் மீதும் குறுக்கே அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் எழுவது நாதமல்ல, மட்டை அடித்ததுபோல ஒரு சத்தம். விரல் நுனி சிவந்து, தோல் உரிந்து, பிறகு காய்த்துப்போகும். காய்த்த பிறகுதான் தந்தி பேசும். இதில் யாரையும் ஏமாற்ற வழியில்லை. அலுவலகத்தில் சாக்குச் சொல்லலாம், வீட்டில் சமாளிக்கலாம். சுருதி சேராத தந்தியிடம் எந்தச் சாக்கும் எடுபடாது. கோணலாக ஒட்டிய கதவும் அப்படித்தான். தான் நினைத்தபடி உலகம் வளையாது என்பதைத் தினமும் கொஞ்சம், வலிக்காத அளவில், இந்த இரண்டும் சொல்லிக்கொடுக்கின்றன.

தோல்வியைத் தாங்குவதற்கும் பெரியபுராணத்தில் ஒரு காட்சி இருக்கிறது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகத்தைத் திருநீலகண்ட யாழ்ப்பாணரால் யாழில் கொண்டுவர முடியவில்லை. ‘யாழ்முரி’ என்று அதற்குப் பெயரே நின்றுவிட்டது. வாசிக்க முடியாத யாழ் எதற்கு என்று அவர் அதை உடைக்கப் போனபோது, கருவிக்கு எட்டிய அளவில் வாசியுங்கள் என்று சம்பந்தர் தடுக்கிறார். கருவிக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் முழுமையாக இருந்தால் போதும் என்ற அனுமதி அது.

அதே பெரியபுராணத்தில் இந்த இரண்டு பொழுதுபோக்குகளுக்கும் இரண்டு நாயன்மார்கள் இருக்கிறார்கள். ஆனாயர் மாடு மேய்த்தவர். கார்காலத்தில் பூத்து நின்ற கொன்றை மரம் ஒன்றில் சிவனைக் கண்டு, குழலில் ஐந்தெழுத்தை வாசித்தார். வேறு தொண்டு அவர் பெயரில் இல்லை. மாடுகள் மேய்வதை மறந்தன. பாம்பு பகை மறந்து மயில்மேல் மருண்டு விழுந்தது என்கிறார் சேக்கிழார். திருநின்றவூர்ப் பூசலாரோ கோயில் கட்ட ஆசைப்பட்டவர், கையில் காசில்லாதவர். மனத்திலேயே கல் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவிலும் கண் துஞ்சாமல் சிகரம் வரை எழுப்பினார். கிணறும் குளமும் மதிலும்கூட மறக்கவில்லை. காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்கு வைத்த நாளும் பூசலார் வைத்த நாளும் ஒன்றாக அமைந்துவிட, மன்னனை நாள் மாற்றிக்கொள்ளச் சொன்னாராம் சிவன்.

பூசலாரின் கதையைப் பக்தியின் பெருமைக்காகச் சொல்வார்கள். அதில் கட்டுமானத்தின் ஒழுங்கும் இருக்கிறது. மனத்தில்தானே, சிகரத்தை முதலில் வைத்தால் என்ன என்று அவர் நினைக்கவில்லை. பாகங்களாக வரும் கார்ப் பெட்டி ஒன்றைப் பிரித்து உட்கார்ந்தவருக்கு இது புரியும். மூடியபின் கண்ணுக்கே தெரியாத எஞ்சினுக்கும் வண்ணம் பூசுவார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

இங்கே சங்கரன்கோவிலுக்குத் திரும்ப வேண்டும். கோமதியம்மன் சந்நிதிக்கு வருகிறவர்கள் தகட்டில் வெட்டிய பாம்பு, தேள் உருக்களை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். விஷப்பூச்சி பயம் நீங்கட்டும், உடம்பு தேறட்டும் என்பது வேண்டுதல். புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொண்டுபோகிறார்கள். ஆடி மாதத் திருவிழாவான ஆடித்தபசு அன்று விவசாயிகள் தங்கள் விளைச்சலையே சூறை விடுகிறார்கள். அந்தத் தகட்டுப் பாம்பும் ஒரு சிற்றுருவம்தான், ஆனால் அதன் வயிற்றில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மேசைமேல் இருக்கும் சிறிய காரின் வயிற்றில் அப்படி ஒன்றுமில்லை. அது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. வழிபாட்டில் மிகக் கடினமானது கேட்காமல் நிற்பது. கோயிலில் கைவராத அந்தப் பழக்கம் சிலருக்கு வீட்டு மேசையில் கைவருகிறது.

இதைக் கொண்டு கார் ஒட்டுவது பூசையைவிட உயர்ந்தது என்று வாதாடினால் அது அபத்தம். பூசைக்கு எதிரே ஒருவர் இருக்கிறார். பொழுதுபோக்குக்கு எதிரே யாரும் இல்லை. மற்றவர் துன்பத்தைக் காணாமல் ஒளிந்துகொள்ளும் பொந்தாகவும் அது எளிதில் மாறிவிடும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிலுவையில் இருக்க, அடுத்த பெட்டியை வரவழைப்பவரைப் பூசலாரோடு சேர்க்க முடியாது.

கெட்டுப்போகும் இடம் எது என்பதையும் ஒரு பழைய பொம்மைத் தேரே காட்டுகிறது. சூத்திரகரின் வடமொழி நாடகம் ‘மிருச்சகடிகம்’. பண்டிதமணி கதிரேசன் செட்டியார் அதை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கினார். வறுமையில் விழுந்த சாருதத்தனின் மகனுக்கு மண்ணால் ஒரு வண்டி செய்து தருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் பார்த்த பொன்வண்டிதான் வேண்டும் என்று அவன் அழுகிறான். மனமிரங்கிய வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண்வண்டியை நிரப்புகிறாள். பின்னால் அதே நகைகள் நீதிமன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சாட்சியாகி, அவனைக் கொலைக்களம் வரை கொண்டுபோகின்றன. பொம்மைக்குள் பொன் வந்தது, வழக்கும் வந்தது. பெட்டி பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி விலை ஏறக் காத்திருப்பதும், வாசிக்காத கிட்டாரைச் சுவரில் மாட்டிப் படம் எடுப்பதும் பொன்வண்டிக்கு அழுகிற கதைதான். அங்கே பழைய சோலி வேறு வேடத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

காசு அதிகம் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. அட்டை, மூங்கில் குச்சி, காலண்டர் தாள் போதும். நெல்லைச் சீமைப் பிள்ளைகள் குச்சியும் வண்ணத்தாளும் வைத்துச் சின்னச் சப்பரம் கட்டித் தெருவில் இழுக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிச் சொப்புச் சாமான் செய்கிறார்கள். கொலு வைக்கும் வீடுகளில் படிக்குப் பக்கத்தில் பூங்கா அமைத்து, மணல் சாலை போட்டு, அதில் பொம்மைக் காரையும் நிறுத்துகிறார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் அதை யாரும் சோலியற்ற வேலை என்று சொல்வதில்லை. டச்சு அறிஞர் யோகான் ஹூய்சிங்கா, 1938-இல் வெளியான ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில், சடங்கும் விளையாட்டும் ஒரே வடிவம் கொண்டவை என்று வாதிட்டார். இரண்டுக்கும் தனி இடம், தனி நேரம், தனி விதி. கொலுவைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதுச் செய்தி அல்ல.

சங்கரன்கோவில் தலக்கதையில் வரும் சங்கனும் பதுமனும் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடிய நாக அரசர்கள். தீர்ப்புக்காகக் கோமதியம்மன் புன்னை வனத்தில் தவமிருந்தாள். வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் எழுந்தருளியதோடு வழக்கு முடிந்தது. சோலியா, விளையாட்டா என்ற வழக்குக்கும் ஒரு பக்கத்துக்கு மட்டும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. பகலில் தறியோ கடையோ அலுவலகமோ இருக்கட்டும். இரவில் ஒரு மணி நேரம் சாமணமும் தந்தியும் இருக்கட்டும். வீட்டில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் சோலியைக் கேட்காமல், அந்தக் கைப்பிடி நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துச் சொன்னாலே பெரிய உதவி. ஆடித்தபசு அன்று மட்டும் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுத் தபசு மண்டபத்துக்குப் போய்விடலாம். காட்சி முடிந்து கூட்டத்தில் நீந்தி வீடு வந்து சேர்வதற்குள் பசை நன்றாகக் காய்ந்திருக்கும்.