தேர்த்தட்டில் அமர்ந்தவர்கள்



யாங்கோனில் நம் ஆலயங்களுக்கு வரும் சிலரிடம் தொழிலைப் பற்றி விசாரித்தால், “இப்போதைக்குப் பெர்ரி ஓட்டுகிறேன்” என்ற பதில் வருவதுண்டு. அந்த ‘இப்போதைக்கு’ சில வேளை இருபது ஆண்டுகளாக நீடித்திருக்கும். வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பத்தினர் பெர்ரி என்றதும் படகை எண்ணிவிட வேண்டாம். மாதக் கட்டணம் பெற்று, பிள்ளைகளை வீட்டருகே ஏற்றிப் பள்ளியில் இறக்கி, பிற்பகலில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டிக்கு இந்நகரில் அதுதான் பெயர்.

பெர்ரி ஓட்டுநராக வேண்டும் என்று கனவு கண்டு வளர்ந்தவர் எவரும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆசிரியராக, பொறியாளராக, கணக்காளராக வர எண்ணியவர்களே அவர்கள். 1988-இல் மூடப்பட்ட பல்கலைக்கழகங்கள் 1991-இல் திறந்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே மறுபடியும் மூடின. 1996 டிசம்பரில் மாணவர் கிளர்ந்தெழுந்த பின்னர் பெரும்பாலானவை 2000 ஜூலை வரை திறக்கவில்லை. ஒரு பட்டத்துக்காகத் தம் இருபது வயதுகளைக் காத்திருந்தே கழித்தவர்கள் உண்டு. நம்மவர்களுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், முழுக் குடியுரிமை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, மதிப்பெண் இருந்தும் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் எட்டவில்லை. 2020-இன் பெருந்தொற்றும் 2021 பிப்ரவரியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பும் அடுத்த தலைமுறைக்கும் அதே காத்திருப்பைக் கொடுத்தன.

இப்படித் தேடாமல் வந்து சேர்ந்த தொழிலைத் தமது தர்மம் என்று ஒருவர் ஏற்க வேண்டுமா? “எல்லாம் விதிப்படி, எந்தத் தொழிலும் இழிவல்ல” என்று சொல்வது நமக்கு எளிது. பெரும்பாலும் அதை வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்துதான் சொல்கிறோம்.

நம் இதிகாசத்தில் விருப்பமில்லாமல் தேர்த்தட்டில் அமர்ந்த அரசர் இருவர் உண்டு. (கண்ணபிரானை இங்கே சேர்க்கவில்லை. அவர் விரும்பி ஏற்றவர்.) ஒருவன் மத்திர நாட்டு மன்னன் சல்லியன். கர்ணனுக்குத் தேரோட்டுவது தன் தகுதிக்குக் குறைவு என்று கொதித்தான். மனம் போனபடி பேசுவேன் என்ற நிபந்தனையோடுதான் ஏறினான்; பேசவும் பேசினான். போர்க்களத்துக்குப் போகும் வழியெல்லாம் அர்ச்சுனனைப் புகழ்ந்து கர்ணனின் உள்ளத்தைக் குத்தினான். குதிரையைச் செலுத்தும் திறமையில் அவனுக்குக் குறைவில்லை. அவன் மனக்கசப்புக்கு விலை கொடுத்தவன் தேரில் இருந்தவன்.

மற்றவன் நளன். நாட்டைச் சூதில் இழந்து, உருவமும் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருந்தான். ஒரே பகலில் மன்னனை விதர்ப்ப நாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்தப் பயணத்தில்தான் கலி அவனை விட்டு நீங்கியது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, “ஆகவே நளனைப் போல் இருங்கள்” என்று முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் தேரை நன்றாக ஓட்டிய நளன், நாடு போனதும் நல்லதற்கே என்று சொல்லிக்கொள்ளவில்லை. புட்கரனிடம் திரும்பச் சென்று, மறுபடியும் சூதாடி அதை மீட்டான். கையில் வந்த வேலைக்கு ஒரு கணக்கு, பறிபோனதற்கு வேறு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றதை அவன் அடைக்கவில்லை. நமக்குப் பிடிபடாமல் போவது இந்த இடம்தான்.

வேலையின் கணக்கைப் பார்ப்போம். 1970 டிசம்பரில் இந்நாட்டின் போக்குவரத்து இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், பயணிகள் ஏறும் பக்கக்கதவு இடப்பக்கம். அதாவது கதவு திறப்பது நடைபாதைப் பக்கம் அல்ல, ஓடும் வாகனங்களின் பக்கம்! அத்தகைய வண்டியிலிருந்து ஆறு வயதுப் பிள்ளையை அனோரதா சாலை நெரிசலில் இறக்க, ஓட்டுநர் கீழே இறங்கி, பின்னால் வரும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, கையைப் பிடித்து ஓரம் சேர்க்க வேண்டும். இதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்ய வேண்டும். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் தாழ்வாரத்தில் பாட்டி நின்றால்தான் பிள்ளையை விடலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சல்லியனின் மனத்தோடு இதைச் செய்ய முடியாது. இயற்பியல் படிக்க எண்ணியவர் இதைச் செய்கிறார் என்றால் அது தாழ்வு ஆகாது. அதற்காக, படிப்பை அவரிடமிருந்து பறித்ததும் நியாயம் ஆகிவிடாது. “அந்தப் படிப்பு கிடைத்திருந்தால்…” என்று அவர் பெருமூச்சு விடும்போது, “இதுவும் நல்ல வேலைதானே” என்று வாயை அடைக்காமல் இருப்பதே நாம் காட்டக்கூடிய மரியாதை.

நம் பங்கும் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டல்ல, பத்துப் பதினைந்து பிள்ளைகளின் உயிரை நாள்தோறும் இருமுறை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். பெண் பார்க்கும் பேச்சில் அதே மனிதரை “டிரைவர்தான்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். பள்ளிகள் ஜூன் மாதம் திறக்கின்றன. அதற்கு முந்திய வெயில்கால விடுமுறை மாதங்களில் பெர்ரிக் கட்டணம் கொடுக்காத வீடுகள் பல. வண்டிப் பழுதும் வீட்டு அரிசியும் விடுமுறை எடுப்பதில்லை. அந்த மாதங்களுக்குப் பாதிக் கட்டணமாவது கொடுப்பது பற்றிப் பெற்றோர்கள் கூடிப் பேசலாம் என்பது நம் வேண்டுகோள். வண்டியில் இடம் பிடிக்க அலையும் ஜூன் முதல் வாரம் வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தபின் பேசலாம். ஓட்டுநர்களையும் அழைத்து, நம்மோடு அமர வைத்துப் பேசலாம்.