புறச்சுவரில் ஒரு குழாய்

வீட்டின் புறச்சுவரில் உள்ள தண்ணீர்க் குழாயை இடம் மாற்றுவது, கேட் வால்வை அடைத்து, பழைய பி.வி.சி. குழாயை அறுத்து, எல்போ ஒட்டி, திருகில் டெஃப்லான் டேப் சுற்றி முடித்துவிடும் அரைநாள் வேலையாகவே கொள்ளப்படுகிறது. ஆயினும் கோயிலும் யூத ஜெபாலயமும் பள்ளிவாசலும் அருகருகே வாழும் கொச்சியின் மட்டாஞ்சேரியில், அக்குழாய் வாசலுக்கு உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்பது, தூய்மை நீரில் இருக்கிறதா அதை வார்க்கும் கையில் இருக்கிறதா என்ற பழைய கேள்வியைக் கிளறிவிடுகிறது.

குழாய் வருமுன் அவ்விடத்தில் இருந்தது கிண்டி. பக்கத்தில் மூக்கு வைத்த இந்தப் பித்தளைப் பாத்திரத்தைச் சாய்த்து, காலில் நீர் வார்த்துக்கொண்ட பிறகே வெளியிலிருந்து வந்தவர் படியேறினார். நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் அவ்வட்டாரத்துக்கு நல்ல நீர் நெடுங்காலம் பெரியாற்றுப் பக்கத்திலிருந்து வள்ளங்களில் வந்ததால், கிண்டியின் மெல்லிய தாரை சடங்கு மட்டுமன்று, சிக்கனமும்கூட.

மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயத்தை 1568இல் கட்டிய யூதச் சமூகத்தின் மரபில் இக்கேள்வி இன்னும் நுணுகி ஆராயப்பட்டது. ரொட்டி உண்ணுமுன் கைகழுவும் நீர், ஒரு பாத்திரத்திலிருந்து மனித விசையால் வார்க்கப்பட வேண்டும் என்பது யூத நெறி. குழாயிலோ நீர் தொட்டியின் அழுத்தத்தால் தானே விழுகிறது. திருகைத் திறந்த கணத்தில் விழும் முதல் நீர் மட்டுமே மனிதச் செயலா என்று பிற்கால ரப்பிகள் வாதிட்டனர். இதற்கென வழங்கும் ‘நட்லா’ என்ற குவளைக்கு இரண்டு பிடிகள் வைப்பது வழக்கம். கழுவிய கை, கழுவாத கை பிடித்த இடத்தைத் தொட வேண்டியதில்லை. குழாய்க்கு ஒரே பிடிதான்: அழுக்குக் கை திறந்ததைத் தூய கை மூட வேண்டியிருக்கிறது.

கேரள முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டமரபு நீரின் அளவைக் கேட்கிறது. ஏறத்தாழ 200 லிட்டர் என இன்று கணக்கிடப்படும் ‘குல்லத்தைன்’ அளவுக்குக் குறைந்த தேங்கிய நீரில் அசுத்தம் பட்டால் அது முழுவதும் அசுத்தமாகும். தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் ஒளுவுக்கென்று பள்ளிவாசல்களில் பெரிய நீர்த்தொட்டியான ஹவுள் கட்டப்பட்டதற்கு இவ்விதியும் ஒரு காரணம். வரிசையாகக் குழாய்கள் வந்தபின், கைகளை ஒரே நீரில் முக்க வேண்டிய தேவையே இல்லாது போனது.

ஆக, நீரைப் பற்றிய கவலையைக் குழாய் பெரிதும் தீர்த்தது. ஆனால் அக்கவலை திருகின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிச் சேவகர் திறந்துவிட்டால் தண்ணீர், அவர் வராத நாளில் தாகம். சுவருக்குப் பின்னால் ஓடும் நீரை யாருடைய கையும் தொடுவதில்லை என்பதால், தீட்டு என்ற கருத்து நீரின் இயல்பைச் சார்ந்ததன்று, கையின் சாதியைச் சார்ந்தது என்பது இங்கே மறைக்க முடியாமல் வெளிப்படுகிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. குழாய் அப்பட்டியலில் இல்லை. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம்தான் தண்ணீர்க் குழாயையும் சேர்த்தது. ஐந்தாண்டு பிந்தி வந்தாலும் அச்சொல் வந்தது பொருத்தமே.

தனியார் வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பவர் வீட்டுக்காரர். அவரது தீர்மானம் குழாயின் உயரத்திலேயே தெரிந்துவிடும். முழங்காலுக்குக் கீழே வைத்தால் அது உள்ளே வரும் விருந்தினரின் காலுக்கு. குடம் நிற்கும் இடம் விட்டு, தெருவை நோக்கி வைத்தால் அது உள்ளே வராதவருக்கும். திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தலை வழியோரத்தில் அமைத்ததோடு, தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரையே அதற்கு இட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்த வழியே வந்த நாவுக்கரசர் தம் பெயரைக் கண்டு வியந்து, வைத்தவர் யார் என்று அங்கிருந்தோரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது.