கூர்மையும் கருணையும்

கத்தி தீட்டுவது சிறு வேலைதான். ஆயினும் அதனுள் ஓர் ஒழுக்க வினா அடங்கியிருக்கிறது. கூர்மை கொடுமைக்குத் துணையா, கருணைக்குத் துணையா?

பூட்டுக்கும் தோலுக்கும் பேர்பெற்ற திண்டுக்கல்லில் இதற்கு விடை காணத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் சாலையில் மழுங்கிய கத்தி சதையை அரைகுறையாய் விட்டுவைக்கும். கவனமற்ற கையிலுள்ள கூரிய கத்தியோ தோலையே கிழித்து அதன் விலையைக் கெடுக்கும். ஆகவே கூர்மை மட்டும் போதாது. அதைப் பிடித்த கைக்கும் பக்குவம் வேண்டும்.

அப்பக்குவத்தைத் தீட்டுக்கல்லே கற்பிக்கிறது. சிறிய மடக்குக் கத்தியானாலும் முதலில் சொரசொரப்பான கல், பின்னர் நயமான கல் என்பதே முறை. கல்லை நனைத்து, அலகை ஒரே சாய்வில் வைத்து, இருபுறமும் மாறி மாறித் தேய்க்க வேண்டும். விளிம்பில் மெல்லிய பிசிர் எழும். அதை நயமான கல்லிலும் தோல்வாரிலும் நீக்கினால்தான் வேலை முடியும். சாணைச் சக்கரம் நொடியில் கூராக்கும். ஆனால் சூடு மிகுந்தால் எஃகின் பதம் கெட்டு, வந்த கூர் விரைவில் போய்விடும். பேனாக்கத்தி என்னும் பெயரே, எழுதுகோலைச் சீவிய காலத்தின் எச்சமன்றோ? கத்தி மழுங்கினால் நாணற்கோலின் முனை பிளந்து எழுத்தும் சிதையும்.

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற ஹதீஸின் கருத்து இது: எல்லாவற்றிலும் இஹ்ஸான், அதாவது செம்மை, விதிக்கப்பட்டுள்ளது, அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு நோவைக் குறைக்க வேண்டும். ஆட்டைக் கிடத்தி வைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே கத்தி தீட்டிய ஒருவரை, அதனை இருமுறை சாகடிக்க விரும்புகிறீரா என நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு.

இவ்விரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டும். கத்தி கூராயிருத்தல் கருணை. அக்கூரைக் காட்டி அச்சுறுத்தாதிருத்தலும் கருணை. குர்பானி நாட்களில் பேகம்பூரிலாகட்டும், வேறெந்த மஹல்லாவிலாகட்டும், முதலாவதை நாம் மறப்பதில்லை. இரண்டாவதைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம்.

பிள்ளைகளையும் மாணவர்களையும் திருத்தும்போது நாம் செய்வதென்ன? சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சிந்திக்காமல், ஒரே கண்டனத்தை மழுங்கிய கத்திபோல் நாளெல்லாம் அறுக்கிறோம். அல்லது உறவினர் பலர் முன்னிலையில் குற்றத்தை எடுத்துச்சொல்லி, தண்டனைக்கு முன்பே ஒரு தண்டனை தருகிறோம். மென்மை என்று கருதி ஒன்றும் சொல்லாது விடுவதும் தீர்வன்று. மழுங்கிய கத்தி சாதுவானதன்று. அதை அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் வழுக்கி நம் கையையே வெட்டும்.

ஆகவே, சொல்லவேண்டிய சொல்லைத் தனிமையில் நிதானமாகத் தீட்டிக்கொள்வோம். பிள்ளையைத் தனியே அழைத்து ஒரே தடவை சொல்வோம். சொன்னபின் கத்தியை மடக்கிவிடுவோம்.