வித்த பிறகும் நம்ம வண்டியா?



இந்த வாரம் கோயில் பதிவு இல்லை. ஒரு கார் விற்ற கதை. படிச்சுட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க, ஏன்னா இதுல தப்பு பண்ணினது நான்தான்.

எங்க மாமாவுக்கு இலத்தூர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் சனீஸ்வரன் கோயிலா என்று கேட்பீர்கள், அதே ஊர்தான். அவரிடம் முப்பது வருஷமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. 1967 மாடல், ரெண்டு கதவு. நம்ம வயசுப் பசங்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் 1971 வரை செய்த கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. இதே சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஓப்பன் ஸ்போர்ட்ஸ் காரை டிரையம்ப் வெளியிட்டது. அதை வரைந்தவரும் அவரேதான். மாமா சின்ன வயசில் ஒரு பழைய பத்திரிகையில் ஸ்பிட்ஃபயர் படத்தைப் பார்த்தவர். மீதிக் கதையை நீங்களே ஊகிக்கலாம்.

ஹெரால்டு விசித்திரமான வண்டி. பாடி முழுசாக ஒரே கூடு கிடையாது. சேஸிஸ் மேலே துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியது. போல்ட்டைக் கழற்றினால் கூரையை அப்படியே தூக்கி வைத்துவிடலாம். முன்பக்க பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும், எஞ்சின் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடிக்குள் முழுவட்டம் அடித்துத் திரும்பும், இலத்தூர்த் தெருவுக்குன்னே செஞ்ச மாதிரி. இப்படி ஒரு வண்டி ஸ்பேனர் பிடிச்ச கைக்குக் கிடைத்தால் சும்மா இருக்குமா?

1994-இல் வாங்கினார். முதல் மாசமே கிரீம் கலர் போய் சிவப்பு வந்தது. அப்புறம் கூரை போனது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 2003-இல் 948 சிசி பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, ஏலத்தில் எடுத்த மாருதி ஜிப்சியின் 1298 சிசி எஞ்சினை அதன் கியர்பாக்ஸோடு ஏற்றினார். சின்னப் பிள்ளையில் அதில் ஏறி பண்பொழி திருமலை அடிவாரம் வரைக்கும் போவோம். சாரல் முகத்தில் அடிக்கும். அந்த வயசில் எனக்கு முருகனும் அந்தக் காரும் ஒரே பயணம்.

இப்போது மாமாவுக்கு 68. தாழ்வான சீட்டில் இருந்து எழுந்திருக்க முடியவில்லை. அத்தைக்கு இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன் சொல்லியிருந்தார்கள். போன வருஷம் ஆனி மாசம், "வித்துரலாம் மருமவனே, நீதான் போன்ல போடணும்"னு சொன்னார்.

போட்டேன். நாலு போட்டோ. 'ஓப்பன் டாப் ஹெரால்டு, ஜிப்சி எஞ்சின், ஒரே கை, பேப்பர் கிளியர்.'

அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைதான் பொய். ஆர்சி காலாவதியாகி வருஷக்கணக்கு ஆகிவிட்டது. அதில் இருக்கிற எஞ்சின் நம்பர் ஷெட்டு மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கிற எஞ்சினுடையது. கலர் கிரீம் என்று இருக்கிறது. சேஸிஸ் நம்பர் மட்டும்தான் நிஜம். ஆனால் அன்றைக்கு அது பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் விஷயம். ஆர்சி புத்தகம் கையில் இருக்கு, திருட்டு வண்டி இல்லை, லோன் இல்லை. நம்ம பாஷையில் அதுக்குப் பேர் பேப்பர் கிளியர். ஆர்எக்ஸ் 100 வாங்கி விற்கிற நம்ம பசங்களில் எத்தனை பேர் இதையே எழுதியிருப்போம்!

மறுநாளே சென்னையில் இருந்து ஒருத்தர் பேசினார். வண்டியைப் பார்க்காமலே நாலே முக்கால் லட்சம், இப்பவே அட்வான்ஸ் அனுப்புறேன் என்றார். இந்த சிவப்பும், இந்த சத்தமும், இந்த ஓப்பன் டாப்பும்தான் அவருக்கு வேணும். சந்தோஷமா மாமாகிட்ட சொன்னேன். என்ன எழுதிப் போட்டாய் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"பேப்பர்ல இருக்க வண்டி இது இல்லையே மருமவனே."

"கேட்டா சொல்லிக்கலாம் மாமா."

"கேக்கலைன்னா?"

இந்தக் 'கேக்கலைன்னா' ரொம்பப் பழைய கேள்வி. கி.மு. 44-இல் ரோமாபுரியின் சிசரோ தன் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதைப் பேசுகிறார். ஒருவன் வீடு விற்கிறான். உத்திரம் சரியில்லை, அறைகளில் விஷ ஜந்துக்கள் வருகின்றன. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? வாங்கு என்று நான் கட்டாயப்படுத்தவில்லையே, அவன் கண்ணால் பார்த்துத்தானே வாங்கினான் என்பது டயோஜெனஸ் என்ற தத்துவவாதியின் கட்சி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் அதை மறுக்கிறார். வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டாமல் போவதே தப்பு, இது தெரிந்தே அவனைத் தப்பு வழியில் அனுப்புவது என்கிறார். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம். நான் அன்றைக்கு டயோஜெனஸ் பக்கம் இருந்தேன், நாலே முக்கால் லட்சம் காரணமாக.

விஷ ஜந்தாவது கடிச்சா தெரியும். இதில் என்ன ஆகும் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பில் கைவைக்க முடியாது என்று உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. வாங்கினவர் சாலையில் எடுத்தால் பிடிபடுவார். பெயரும் மாற்ற முடியாது. பெயர் மாறவில்லை என்றால்? 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கில், பதிவில் உள்ள ஒருவர் வண்டியை விற்றுவிட்டார். அது இன்னும் சில கை மாறியது. யாரும் ஆர்டிஓ ஆபீசில் பெயர் மாற்றவில்லை. விபத்து நடந்தது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று முடிந்தது. வண்டி யாரிடமோ ஓடும், பழி இலத்தூர் வாசலுக்கு வரும். அதாவது நான் எழுதிய ரெண்டு வார்த்தை சென்னைக்காரரை மட்டுமல்ல, மாமாவையும் சேர்த்துத்தான் ஏமாற்றியது.

மாமா அந்தக் கணக்கு எதுவும் போடவில்லை. "அந்தத் தம்பிகிட்ட உள்ளதைச் சொல்லிரு" என்றார். சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன் பாஸ்" என்றார். இன்னும் யோசிக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து கோட்டயத்தில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். மழையில் ஆரியங்காவு வழியாக வந்திருக்கிறார். சிவப்பு பெயின்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. பானெட்டைக் கவிழ்த்ததும் "பழைய எஞ்சின் இருக்கா?" என்று கேட்டார். சாக்கை விலக்கிக் காட்டினோம். கூரை? அது பின்கட்டில் கோழிக்கூட்டுக்கு மேலே இருந்தது, நல்லாவே இருந்தது. சேஸிஸில் துருப்பிடித்து வெல்டு வைத்த இடத்தை மாமாவே டார்ச் அடித்துக் காட்டினார். காட்டியிருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் சொன்னது இதுதான். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வின்டேஜ் பதிவு வந்திருக்கிறது, கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் பண்ணின வண்டிக்கு அது கிடையாது. "எனக்கு அது கிடைக்குதோ இல்லையோ, வண்டலூர்ல இருந்து வந்த மாதிரி ஆக்கணும். பழையபடி மாத்திக் குடுத்தா, ஆர்சி புதுப்பிச்சு என் பேருக்கு மாத்திக்கிடுதேன். ரெண்டு அறுபது."

நான் மாமாவை வாசலுக்குக் கூப்பிட்டுப் போய்ச் சண்டை போட்டேன். ரெண்டு லட்சத்துக்கு மேல நஷ்டம். அதைவிட, அவர் கேட்பது என்ன? முப்பது வருஷம் நீங்க பண்ணினது பூராவையும் நீங்களே உங்க கையால கழற்றணும். பணமும் கம்மி, பாராட்டும் இல்லை. இந்த வண்டியை இப்படியே நேசிக்கிற ஒருத்தர் வரும்வரை காத்திருக்கலாமே?

அப்போதுதான் மாமா அந்த விஷயத்தைச் சொன்னார். 1994-இல் வண்டியை அவருக்கு விற்றவர் செங்கோட்டைப் பக்கம் ஒரு வயசானவர். விலையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம், "கலரை மட்டும் மாத்தாத தம்பி." மாமா சரி என்றிருக்கிறார். ஒரே மாசத்தில் சிவப்பு. இரண்டு வருஷம் கழித்து தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் எதிரே வந்துவிட்டார். கூரை இல்லாத சிவப்பு வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லா ஓடுதாப்பா?" என்று மட்டும் கேட்டாராம்.

"அவரு திட்டியிருந்தா மறந்திருப்பேன்லே. நான் அவரு வண்டியை அறுத்தவன். என் வண்டியை இன்னொருத்தன் தொடக்கூடாதுன்னு நான் எந்த வாயால சொல்ல?"

எனக்கு இதில் இன்னும் முழு சம்மதம் இல்லை, நேர்மையாகச் சொல்கிறேன். கொடுத்த வாக்கை மீறியது தப்பு, வண்டியை மாற்றியது தப்பு அல்ல. இரண்டையும் மாமா ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று பிடிபட்டது. விற்கும்போது 'நல்லா பார்த்துக்கங்க, மாத்தாதீங்க' என்று நாம் சொல்வதெல்லாம் அக்கறை மாதிரி இருக்கும். பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியில் பாதியை நாமே வைத்துக்கொள்ளும் வழி அது. வாங்குபவருக்கு நாம் கொடுக்க வேண்டியது உண்மை. அவரிடம் கேட்க நமக்கு உரிமை இருப்பது விலை மட்டும்.

புரட்டாசி வரைக்கும் ஷெட்டில் வேலை நடந்தது. நான் சனி, ஞாயிறு போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ஜிப்சி எஞ்சின் இறங்கியது. அதற்காக வெல்டு வைத்த பிராக்கெட்டை மாமாவே கட்டர் வைத்து அறுத்தார். டிஸ்க் போய் பழைய டிரம் பிரேக் வந்தது. கோழிகள் தகரத்துக்கு மாறின. கிரீம் பெயின்ட் காய்ந்த அன்றைக்கு வண்டியை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

தீசியஸ் கப்பல் என்று ஒரு புதிர் உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அது அதே கப்பலா? 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சு சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸ் கப்பல்? எங்கள் ஷெட்டில் இது தலைகீழாக நடந்தது. ஹெரால்டு ஹெரால்டு ஆகிவிட்டது. மாமாவின் கார், அதாவது நான் சின்னப் பிள்ளையில் ஏறிப் போன கார், ஜிப்சி எஞ்சினாகவும் டிஸ்க் பிரேக்காகவும் அதே மூலையில் அதே சாக்குக்கு அடியில் கிடக்கிறது. கோட்டயத்துக்காரருக்கு அது வேண்டாம். திருச்செந்தூரில் மயிலைப் பார்த்து யாரும் சூரா என்று கூப்பிடுவதில்லை. ஆனால் மயிலைத் திரும்பச் சூரனாக்கச் சொன்னால் என்ன செய்வோம் என்று அன்றைக்கு அங்கே உட்கார்ந்து நான் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.

தென்காசி ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டினோம். புதுப்பிக்கும் கட்டணம் ஒன்று, தாமத அபராதம் தனி. அப்புறம் படிவம் 28, 29, 30. ஒவ்வொன்றிலும் மாமா கண்ணாடி போட்டு நிதானமாகக் கையெழுத்து போட்டார்.

வண்டி கிளம்பும்போது டேஷ்போர்டில் ஒரு சின்னப் பித்தளை வேல் மட்டும் பாக்கி. 1994-இல் திருமலை அடிவாரத்தில் வாகன பூஜை போட்ட அன்று ஸ்க்ரூ வைத்து முடுக்கியது. கோட்டயத்துக்காரர் மரியாதையாக, "அது இருக்கட்டும் சாரே, நல்லதுதானே" என்றார். அவரே வேண்டாம் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்ல, இதுவும் நான் போட்டதுதான். வண்டலூர்ல இருந்து வரும்போது இல்லை" என்று சொல்லிக்கொண்டே மாமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கழற்றியதும் மரப்பலகையில் ரெண்டு ஓட்டை தெரிந்தது. மெழுகு வைத்து அடைத்து, துணியால் துடைத்துவிட்டு, சாவியைக் கொடுத்தார்.

வேல் இப்போது அவருடைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இருக்கிறது. ஸ்க்ரூ போட இடமில்லாததால் ஹேண்டில்பாரில் கட்டுக்கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கொஞ்சம் ஆடும்.