உடையை அறிந்தவர் ஆளை அறிவாரோ?

சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தூண்களில் ஆடல் மகளிர் இருவரைக் காண்கிறோம். தலைக்கோலம், காதணி, வளை என ஒவ்வோர் அணியையும் ஓவியன் பொறுமையுடன் தீட்டியுள்ளான். அக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமனின் பெயரை ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அம்மகளிர் யாரென்று கூறவில்லை. பெண்ணின் அணியை அறிந்தவன் அவளையும் அறிந்தவன் ஆவானா?

ஐரோப்பாவில் அச்சுக்கலை பரவியபின் இவ்வினா பெரிதாயிற்று. சுவரோவியம் நின்ற இடத்தில் நிற்கும். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படமோ ஊர் ஊராய்ச் செல்லும். 1590-ஆம் ஆண்டு வெனிசு நகரில் செசாரே வெசெல்லியோ உலக மக்களின் உடைகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மணப்பெண், கைம்பெண் என மகளிர் வரிசையாக நிற்கின்றனர். இந்தியப் பெண்களும் உண்டு. வெசெல்லியோ இந்தியாவைக் கண்டவரல்லர். அவருக்கு உடையே போதுமானதாயிருந்தது.

அவருக்கு முன்னரே செருமனியின் நியூரம்பெர்க் நகரில் வாழ்ந்த ஆல்பிரெக்ட் டியூரர் வேறு வழி கண்டார். தம் ஊர்ப் பெண் கோவிலுக்கு உடுத்திச் செல்லும் உடையை, அகன்ற தலைத்துணியோடு, 1500-இல் வரைந்து வைத்தார். பின்னர் அன்னை மரியாளின் வாழ்வை மரச்செதுக்குப் படங்களாக்கியபோது, அன்னையின் திருமணக் காட்சியில் அவ்வுடையோடு ஒருத்தியை நிறுத்தினார். 1511-இல் அப்படங்கள் நூலாயின. மரியாள் பிறந்த அறையும் அதில் செருமானிய வீட்டறையே. பேறு பார்க்க வந்தவர்களுள் ஒருத்தி குவளையைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறாள்!

மரியாள் யூதப் பெண். ஆகவே இது பொய்யன்றோ எனலாம். வரலாற்றின்படி பொய்தான். ஆயினும் வெசெல்லியோவின் பெண்கள் பார்க்கப்படுவதற்காக நிற்கிறார்கள். டியூரரின் பெண்கள் வாழ்கிறார்கள். மீட்பு தம் தெருவில் நிகழ்ந்ததாக அவர் நம்பினார். நம் பங்குகளில் மாதாவுக்குச் சேலை சாத்துவதும் அந்நம்பிக்கையாலேயே. அதை நான் பொய்யென்று சொல்லமாட்டேன்.

என்னை உறுத்துவது சேலையன்று, சரிகை. மகனைக் காணிக்கையாக்க வந்த நாளில், ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகள் தரும் இரு பறவைகளையே தந்தவர் மரியாள். டியூரரும் செல்வர் வீட்டு உடையையே தேர்ந்தார். நேர்ந்துகொண்டு பட்டுச் சாத்தியவரின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் பட்டு மின்னும் திருநாளன்று, களையெடுத்த சேலையோடு பூசைக்கு வருபவள் வாசலருகே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.