ஞாயிறும் நட்சத்திரமும்

டிசம்பர் பிறந்ததும் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் கட்டுவது என் வழக்கம். போன வருஷம் ஸ்டூலில் ஏறி நின்றபோது தங்கை மகன் கீழிருந்து சொன்னான்: “மாமா, இதெல்லாம் புறஜாதியார் வழக்கம். டிசம்பர் 25 சூரியதேவன் பண்டிகை. வேதத்தில் அந்தத் தேதியே இல்லையே.”

தேதி இல்லைதான். கி.பி. 274இல் ரோமப் பேரரசர் அவுரேலியன் ‘வெல்லப்படாத சூரியனுக்கு’க் கோயில் எழுப்பியதும் உண்மை. ஆனால், டிசம்பர் 25இல் சூரிய விழாவையும் கிறிஸ்து பிறப்பையும் தெளிவாகக் குறிக்கும் மிகப் பழைய சான்று, 354ஆம் ஆண்டு ரோமில் தொகுக்கப்பட்ட ஒரே நூல்தான். யாரைப் பார்த்து யார் வைத்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவன் எதிர்ப்பும் புதிதல்ல: அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681இல் அது நீங்கியது.

“நீ என்னைக்குடா கோயிலுக்குப் போறே?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயிறுன்னா?”

அவன் பேசவில்லை. ஞாயிறு என்றால் சூரியன். அவன் கையிலிருந்த வேதாகமத்தின் பெயரிலேயே வேதமும் உண்டு, ஆகமமும் உண்டு. இரவல் வாங்கிய பாத்திரத்தில்தான் நம் முன்னோர் விசுவாசத்தை ஊற்றி வைத்தார்கள். பாத்திரம் யாருடையது என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

அவன் கவலையிலும் நியாயம் உண்டு. கேக்கும் புதுத்துணியும் மட்டுமே பண்டிகை என்றாகி, பக்கத்து வீட்டுப் பசி நம் கண்ணில் படாமல் போனால், அதுதான் புறஜாதி வழக்கம்.